ஹீட்டரில் கருகுவது எது?

காரில் ஹீட்டரைப் போட்டதும் கருகல் வாடை அடித்தால் முதலில் ஒன்று கேட்க வேண்டும்: கருகும் அளவுக்குச் சூடான பொருள் அங்கே என்ன இருக்கிறது? அறையைச் சூடாக்கும் மின் ஹீட்டரில் கம்பி சிவக்கப் பழுக்கிறது, அதன்மேல் விழும் தூசி பொசுங்குகிறது. பெட்ரோல், டீசல் கார்களின் ஹீட்டரில் பொதுவாக அப்படிப் பழுக்கும் கம்பி கிடையாது. அதில் ஓடுவது வெந்நீர்தான். இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் கூலன்டில் ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் புகுந்து திரும்புகிறது. ஹீட்டர் கோர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ப்ளோயர் விசிறி அதன் இடுக்குகள் வழியாகக் காற்றைத் தள்ளுகிறது, காற்று சூடாகி நம் காலடிக்கும் கண்ணாடிக்கும் வருகிறது.

இதற்கென்று தனியாக எரிபொருள் செலவாவதில்லை. பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. மிச்சமெல்லாம் சைலன்சர் வழியாகவும் கூலன்ட் வழியாகவும் வெப்பமாக வெளியே போகிறது. எப்படியும் வீணாகப் போகிற அந்த வெப்பத்தில் கொஞ்சத்தைத்தான் குளிர்காலத்தில் நாம் எடுத்துக்கொள்கிறோம். கூலன்டின் சூட்டைத் தெர்மோஸ்டாட் கட்டுக்குள் வைக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 82 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும். காகிதம் பற்றிக்கொள்ளவே 230 டிகிரி வேண்டும். ஆகவே ஒழுங்காக வேலை செய்யும் ஹீட்டர் கோரால் எதையும் கருக்க முடியாது. 90 டிகிரியை வெகுவாகத் தாண்டிய வேறு ஏதோ ஒன்றுதான் வாடையைக் கிளப்புகிறது. ஹீட்டரின் காற்று அதை நம் மூக்குவரை கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் தேடுதலில் பாதி முடிந்த மாதிரி.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கோடை முழுவதும் சும்மா கிடந்த ஹீட்டர் கோரின் இடுக்குகளில் தூசி, மகரந்தம், உதிர்ந்த முடி எல்லாம் படிந்திருக்கும். டொரண்டோவிலோ ஆஸ்லோவிலோ அக்டோபர் கடைசியில் முதல் குளிருக்கு ஹீட்டரைத் திறக்கும்போது அந்தத் தூசியில் ஊறிய எண்ணெய்ப் பசை சூடாகி ஆவியாகும். லேசான தூசி வாடை வரும், சில நிமிடங்களில் அடங்கும். அடுத்த சில நாட்களில் முற்றிலும் மறைந்துவிட்டால் கவலை வேண்டாம். ஒவ்வொரு முறை போடும்போதும் வருகிறது, அல்லது நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் அது தூசி அல்ல.

அடுத்து, ஹீட்டருக்குக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பழைய கார்களில் இது பெரிய தொல்லையாக இருந்தது. ஃபோர்டு மாடல் ஏ காலத்தில் இன்ஜினின் புகைக்குழாயை உரசி வரும் காற்றையே உள்ளே விட்டார்கள். காற்றால் குளிரும் இன்ஜின் கொண்ட ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் ஹீட்டருக்கு வெப்பம் கொடுத்தது புகைக்குழாயைச் சுற்றி அமைத்த கூடுகள்தான். அந்தக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகை நேராகக் காருக்குள் வரும். 1938-இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை எடுத்து, வெந்நீர் ஓடும் கோரில் சூடாக்கி, லேசான அழுத்தத்தோடு காருக்குள் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தது. இன்று நாம் ஓட்டும் கார்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான்.

அந்த வெளிக்காற்று நுழையும் இடம் முன்கண்ணாடியின் அடிவாரம். வைப்பர் கைகள் முளைத்திருக்கும் இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் சல்லடை ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள். பானெட்டின் பின்விளிம்புக்கு ஒட்டினாற்போல் அமைந்திருக்கிறது அது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் பட்டை மட்டும். வெயிலிலும் குளிரிலும் அந்த ரப்பர் இறுகி, வெடித்து, சில இடங்களில் பிரிந்தும் போயிருக்கும். அப்புறம் இன்ஜினில் கிளம்பும் வாடைக்கும் நம் மூக்குக்கும் இடையில் தடையே இல்லை. ஹீட்டர் செய்யாத குற்றத்துக்கு ஹீட்டர் பழி சுமப்பது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

இப்படி வருவதில் அதிகம் பார்க்கக் கிடைப்பது ஆயில் கசிவு. இன்ஜின் தலையில் மூடியிருக்கும் டேப்பெட் கவரின் பேக்கிங், வருடக்கணக்கில் சூடேறி இறுகிப்போகும். விளிம்பில் ஆயில் கசிந்து, சொட்டுச் சொட்டாகப் புகைக்குழாயின் மேல் விழும். அந்தக் குழாயின் சூடு பல நூறு டிகிரி. விழுந்த சொட்டு நொடியில் புகையாகி, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் கனத்த வாடையைக் கிளப்பும். இதற்கு நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும், ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றதும் புகை நேராக மேலே எழுந்து சல்லடைக்குள் நுழையும். நின்றால் வரும், நகர்ந்தால் மறையும் வாடைக்கு ஆயில் கசிவின்மேல் முதல் சந்தேகம் கொள்ளலாம். ஆயில் மாற்றும்போது இன்ஜின்மேல் சிந்தியிருந்தாலும் இரண்டு மூன்று நாள் இதே வாடை வந்து தானே அடங்கும். அதற்காக யாரும் பேக்கிங் மாற்றப் போக வேண்டியதில்லை.

வழுக்கிச் சுற்றும் ஃபேன் பெல்ட் ரப்பர் வாடையைத் தரும், கூடவே கிறீச்சென்ற சத்தமும் வரும். ரோட்டில் பறந்து வந்த பிளாஸ்டிக் பை புகைக்குழாயில் ஒட்டி உருகினால் வாரக்கணக்கில் நாறும். நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சமவெளியில் ஹீட்டர் பக்கமே போகாதவர்கள் மலையேறிய பிறகுதான் அதைத் திருகுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக் கிளட்சை மிதித்தபடி வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினால் கிளட்ச் தட்டு தேய்ந்து பொசுங்கும். இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பிரேக் கட்டை சூடாகும். இரண்டுமே பிசின் கலந்த உராய்வுப் பொருட்கள், சூடேறினால் காரமான கருகல் வாடை தரும். ஊட்டி குளிருக்கு ஹீட்டரைப் போட்ட அதே நேரத்தில் அந்த வாடையும் வருவதால் பழி ஹீட்டர்மேல் விழுகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திச் சக்கரங்களின் அருகே குனிந்து முகர்ந்தாலே பிரேக்கா இல்லையா என்று தெரிந்துவிடும். சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

சரி, எது என்று எப்படிப் பிரிப்பது? டாஷ்போர்டிலேயே அதற்கான கருவி இருக்கிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. காற்றின் வேகத்துக்கு ஒரு திருகு. காற்றை வெளியிலிருந்து எடுப்பதா, உள்ளே இருப்பதையே சுற்றவிடுவதா என்று முடிவு செய்ய ஒரு பொத்தான், கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டிருப்பது. முதலாவது வெந்நீரின் பக்கம், இரண்டாவது மின்சாரத்தின் பக்கம், மூன்றாவது வெளிக்காற்றின் பக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்ற இரண்டையும் அசைக்காமல் வைத்தால், எந்தப் பாதையில் தவறு என்று வாடையே சொல்லிவிடும். எந்த அறிவியல் சோதனைக்கும் அடிப்படை விதி இதுதான். ஆனால் பதற்றத்தில் எல்லாரும் செய்வது என்ன? மூன்றையும் ஒரே நேரத்தில் திருகி அணைத்துவிடுகிறார்கள். வாடை போய்விடுகிறது, கூடவே தடயமும் போய்விடுகிறது.

புகை கண்ணில் பட்டால் சோதனைக்கெல்லாம் நேரமில்லை. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லாரும் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். வெறும் வாடை மட்டும் என்றால் இப்படிச் செய்யலாம். இரவெல்லாம் நின்று இன்ஜின் ஜில்லென்று இருக்கும் காலை வேளையில், திறந்த வெளியில், இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருகி ப்ளோயரைப் போடுங்கள். ஒன்றாம் வேகத்தில் சில நிமிடம், பிறகு இரண்டு, மூன்று, நான்கு. இப்போது காரில் சூடான தண்ணீர் இல்லை, சூடான புகைக்குழாய் இல்லை, சுற்றும் பெல்ட் இல்லை. ஓடுவது மின்சாரம் மட்டும். இந்த நிலையில் கருகல் வாடை வந்தால் குற்றவாளி ப்ளோயரோ அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரோ ஒயரிங்கோதான், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. அதற்குமேல் அந்த ப்ளோயரைப் பயன்படுத்தாதீர்கள்.

வரவில்லையென்றால் இன்ஜினைக் கிளப்பி நன்றாகச் சூடாக விடுங்கள். சூட்டுத் திருகு குளிர்ந்த பக்கத்தில், ப்ளோயர் மெதுவாக, காற்று வெளியிலிருந்து. வாடை வந்தால், பொத்தானை அழுத்தி உள்காற்றுக்கு மாற்றிப் பாருங்கள். சில நிமிடத்தில் குறைந்தால் அது இன்ஜின் அறையிலிருந்து வந்தது. குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமில்லை, சூடான பக்கம் திருப்பியதும்தான் வருகிறது என்றால் ஹீட்டர் கோரிலோ அதை ஒட்டியோ தவறு. எலி கூடு கட்டியிருந்தாலும் இப்படித்தான் தெரியும். வீட்டு வாசலில் நிற்கும் கார்களில் பஞ்சு, காகிதம், இலை எல்லாம் சேர்த்து ப்ளோயர் கூண்டுக்குள்ளேயே எலி குடும்பம் நடத்துவது அபூர்வம் அல்ல. சூடு ஏறியதும் அதன் மூத்திர வாடை மண்டையைப் பிளக்கும்.

இந்தச் சோதனையில் நாம் நம்பியிருக்கும் கருவி மூக்கு. அதற்கு ஒரு பெரிய பலமும் ஒரு பெரிய பலவீனமும் இருக்கின்றன. 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் வாசனையை உணரும் ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார்கள், 2004-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதனிடம் வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. ஒரு வாசனை மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும், ஒரு ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். அந்தக் கூட்டுச் சேர்க்கைகளால்தான் ரப்பர் கருகுவதையும் பிளாஸ்டிக் கருகுவதையும் ஆயில் கருகுவதையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிகிறோம். ஒயரின் மேலுறையான பி.வி.சி. 200 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வெளியாகும். மூக்கைக் குத்தி, கண் எரியும். கனெக்டர்களிலும் சுவிட்சுகளிலும் இருக்கும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் சூடேறினால் மீன் கவிச்சி அடிக்கும். காரில் யாரும் மீன் கொண்டுவராமலே அந்த வாடை வந்தால் அதை ஒயரிங் கோளாறு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பலவீனம் என்னவென்றால், மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். தொடர்ந்து இருக்கும் வாசனையை மூளை ஒதுக்கிவிடுகிறது. ஓட்டுகிறவர் “இப்போ ஒண்ணும் தெரியலையே” என்று சொல்லும்போது வாடை போயிருக்க வேண்டியதில்லை, அவர் மூக்கு ஓய்ந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் இறங்கிச் சில நிமிடம் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும். அதைவிட நல்லது, அதுவரை காரில் உட்காராத ஒருவரைக் கூப்பிட்டு முகரச் சொல்வது. “வாடை நின்றுவிட்டது, இனிப் பரவாயில்லை” என்ற முடிவுக்கு ஓட்டுநர் தனியாக வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மின்சாரக் கோளாறுக்கு வருவோம். இருப்பதிலேயே ஆபத்தானதும், மக்கள் தவறாகப் புரிந்துகொள்வதும் இதுதான். கையால் திருகும் வகை ப்ளோயரில் பெரும்பாலும் நான்கு வேகங்கள். நான்காவது வேகத்தில் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் மோட்டாருக்குப் போகும். கீழ் வேகங்களில், வழியில் சுருள்கம்பியாலான ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி மின்னோட்டத்தைக் குறைக்கிறார்கள். குறைத்த ஆற்றல் அந்தக் கம்பியில் வெப்பமாக வெளியாகும். அதைக் குளிர்விக்க ரெசிஸ்டரை ப்ளோயரின் காற்றுப் பாதையிலேயே வைத்திருக்கிறார்கள். ஹீட்டரின் காற்றுப் பாதையில் நிஜமாகவே பழுக்கக்கூடிய கம்பி இது ஒன்றுதான். ஏ.சி. போட்டாலும் இது சூடாகும் என்பதைக் கவனியுங்கள். “ஹீட்டர் வாடை” என்று நினைத்தது கோடையிலும் வந்தால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். மூன்று கீழ் வேகங்களும் செத்து நான்காவது மட்டும் வேலை செய்கிறது என்றால் ரெசிஸ்டர் போய்விட்டது என்று மெக்கானிக் காரைத் திறக்காமலே சொல்லிவிடுவார்.

ரெசிஸ்டர் ஏன் அளவுக்கு மீறிச் சூடாகிறது? சல்லடை வழியே விழுந்த இலைச் சருகுகளும் அடைத்துப்போன கேபின் ஃபில்டரும் காற்றைக் குறைத்தால் அது குளிராது. அது ஒரு காரணம். இன்னொன்று மோட்டாரிலேயே இருக்கிறது. சுழலும் மோட்டார் தன்னளவில் ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்து, வரும் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. வேகமாகச் சுற்றும்வரை இந்த எதிர்ப்பு மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும். மழைநீர் இறங்கி பேரிங் துருப்பிடித்து மோட்டார் இழுத்துக்கொண்டு சுற்றினால் எதிர்ப்பு குறைந்து மின்னோட்டம் ஏறும். 1840-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூல் காட்டியபடி, கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் வெப்பம் இரண்டேகால் மடங்கு.

இதே விதி கனெக்டரிலும் வேலை செய்கிறது. அதன் உள்ளே உலோக முனை தளர்ந்தோ அரித்தோ போய், தொடும் இடத்தில் வெறும் 0.05 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் ப்ளோயர் 20 ஆம்பியர் இழுத்தால் அங்கே பிறக்கும் வெப்பம் 20 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் ஈயம் உருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் அந்த அளவு வாட்டில்தான் வேலை செய்கிறது. அது ஒரு பட்டாணி அளவு இடத்தில், பிளாஸ்டிக் கூட்டுக்குள் நிற்காமல் எரிந்தால் என்ன ஆகும்? முதலில் முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகும், பிறகு கறுத்து உருகும். இவ்வளவு நடந்தும் மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தத்தில் குறைவது ஒரே ஒரு வோல்ட். காற்று குறைந்தது நமக்குத் தெரியவே தெரியாது. ஃபியூஸும் போகாது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவில்லை, சொல்லப்போனால் இம்மியளவு குறைந்திருக்கிறது. ஃபியூஸ் பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டுமே, வெப்பம் எங்கே பிறக்கிறது என்பதை அல்ல. “ஃபியூஸ் நல்லா இருக்கு சார், ஒயரிங்ல ஒண்ணும் இல்ல” என்று யாராவது சொன்னால் அந்த முடிவை ஏற்காதீர்கள். இந்தக் கோளாறில் நம்மை எச்சரிப்பது வாடை மட்டும்தான்.

வாடை ரெசிஸ்டரிலிருந்தா கனெக்டரிலிருந்தா என்பதையும் வேகத் திருகே ஓரளவு காட்டிக்கொடுக்கும். கீழ் வேகங்களில் வந்து நான்காவதில் குறைந்தால் ரெசிஸ்டர். நான்காவதில்தான் அதிகம் என்றால் கனெக்டர் அல்லது மோட்டார். தானியங்கி ஏ.சி. உள்ள கார்களில் சுருள்கம்பிக்குப் பதில் டிரான்சிஸ்டர் பெட்டி இருக்கும். அங்கே இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் கனெக்டரின் கதை அதேதான். 2017 நவம்பரில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் அமெரிக்காவில் 2006 முதல் 2011 வரையிலான 3 சீரிஸ் கார்கள் ஆறரை லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்ததற்குக் காரணம், ஹீட்டர்–ஏ.சி. அமைப்பின் ஒயர்களும் கனெக்டர்களும் மிகையாகச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும் என்பதுதான்.

பிரிட்டனில் நடந்த வாக்ஸ்ஹால் சஃபீரா பி விவகாரம் இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டியது. ஏழு பேர் உட்காரும் குடும்பக் கார் அது. கைத்திருகு ஏ.சி. உள்ள, அல்லது ஏ.சி.யே இல்லாத மாடல்களில் டாஷ்போர்டின் உள்ளிருந்து தீ கிளம்பியது. பின்சீட்டில் குழந்தைகளோடு போய்க்கொண்டிருந்த பெற்றோர்கள் இறங்கி ஓட, சில நிமிடங்களில் கார் எலும்புக்கூடாகி நின்றது. 2015-இல் இந்தச் செய்திகள் குவியத் தொடங்கின. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் காரின் ரெசிஸ்டரில், அளவுக்கு மீறிச் சூடானால் தானே விட்டுக்கொள்ளும் வெப்ப ஃபியூஸ் ஒன்று இருந்தது. அது விட்டுக்கொண்டால் கீழ் வேகங்களில் ப்ளோயர் நின்றுவிடும். அப்படி நின்ற கார்களில் யாரோ அந்த ஃபியூஸை முறையின்றிச் சரிசெய்து மறுபடி ஓடவிட்டதுதான் தீக்குக் காரணம் என்று நிறுவனம் முதலில் சொன்னது.

அது உண்மையின் ஒரு பகுதிதான். வெப்ப ஃபியூஸ் ஏன் விட்டுக்கொண்டது? மோட்டார் அரித்து இழுத்துக்கொண்டு சுற்றியதால் ரெசிஸ்டர் கொதித்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ரெசிஸ்டரை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய மோட்டார் புதிய ரெசிஸ்டரையும் கொதிக்க வைக்கும். முதல் சுற்றுப் பழுதுபார்ப்புக்குப் பிறகும் கார்கள் எரிந்தன. 2016-இல் இரண்டாவது முறையாகத் திரும்ப அழைத்தபோதுதான் மோட்டாரையும் சேர்த்து மாற்றினார்கள். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு இதை விசாரித்து, 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் நிறுவனத்தின் மெத்தனத்தைக் கடுமையாகச் சாடியது. சரியாகத்தான் சாடியது. எரிந்த பாகத்தை மாற்றுவது வேறு, எரித்தது எது என்று கண்டுபிடிப்பது வேறு. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் குடும்பங்கள் பயணம் செய்துகொண்டிருந்தன.

கூலன்ட் கசிவைப் பற்றிச் சுருக்கமாக. இது கருகல் வாடை அல்ல, ஒருவித இனிப்பு வாடை, பாகு காய்ச்சும் அடுப்புப் பக்கம் போனதுபோல் தோன்றும். ஹீட்டர் கோரில் மயிரிழை ஓட்டை விழுந்தால் எத்திலீன் கிளைகால் கலந்த நீர் ஆவியாகிக் காற்றோடு வரும், முன்கண்ணாடியின் உட்புறம் மங்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள். மூச்சுக்காற்றின் ஈரம் என்றால் ஒரே இழுப்பில் கண்ணாடி தெளியும். கிளைகால் என்றால் விரல் போன வழியெல்லாம் எண்ணெய்ப் பூச்சாக இழுத்துக்கொண்டு வரும், விரல்நுனியில் பிசுபிசுக்கும். முன்சீட்டின் காலடித் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம் இருக்கும். தீப்பிடிக்கும் அவசரம் இதில் இல்லை, ஆனால் கூலன்ட் தீர்ந்தால் இன்ஜின் கொதித்து வீணாகும். எத்திலீன் கிளைகால் இனிக்கும் நஞ்சு என்பதால் தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்கிச் சாகும். சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

வாடையே இல்லாத ஆபத்து ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். புகைக்குழாய் இணைப்பில் ஓட்டை விழுந்து இன்ஜின் அறைக்குள் புகை கசிந்தால் அதோடு கார்பன் மோனாக்சைடும் சல்லடை வழியே உள்ளே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைகிறது. ஹீட்டர் ஓடும் காரில் புகை வாடையோடு தலைவலியும் மயக்கமும் குமட்டலும் வந்தால் கண்ணாடிகளை இறக்கி, நிறுத்தி, வெளியே வாருங்கள். கனடா போன்ற நாடுகளில் பனியில் சிக்கிய காரில் இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்காருவது வழக்கம். பின்னால் சைலன்சர் வாயைப் பனி மூடியிருந்தால் புகை காருக்கு அடியில் தேங்கி உள்ளே ஏறும். முதலில் அந்த வாயைச் சுற்றிப் பனியை வாரிக் கொட்டிவிட்டுத்தான் சாவியைத் திருக வேண்டும்.

மின்சாரக் கார்களில் கழிவு வெப்பம் மிகக் குறைவு என்பதால் பலவற்றில் மின்சாரத்தாலேயே சூடாக்கும் பீங்கான் ஹீட்டர் இருக்கிறது. குளிர்நாடுகளில் விற்கும் டீசல் கார்கள் சிலவற்றிலும் துணைக்கு அது உண்டு. பேரியம் டைட்டனேட் வகைப் பீங்கான் அது. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் அதன் மின்தடை மளமளவென்று ஏறி மின்னோட்டத்தைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும். அதன்மேல் தூசி பொசுங்கும் வாடை பருவத்தின் தொடக்கத்தில் வருவது இயல்பு. தொடர்ந்து வந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள், மின்சாரக் கார்களில் அதில் ஓடுவது பல நூறு வோல்ட்.

ஒர்க்ஷாப்பில் “ஹீட்டர்ல வாடை வருது” என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டால் அவர்கள் ஃபில்டரை மாற்றி, மணம் தரும் எதையாவது அடித்து அனுப்பிவிடக்கூடும். குளிர்ந்த இன்ஜினில் வந்ததா, சூடான பிறகா, எந்த வேகத்தில், உள்காற்றுக்கு மாற்றியபோது குறைந்ததா, நின்றால் வருகிறதா ஓடினால் வருகிறதா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ரெசிஸ்டரை மாற்றச் சொன்னால் அதன் கனெக்டரையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முனைகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் விழுந்திருந்தாலும் அந்தக் கனெக்டரையும் சேர்த்தே புதிதாகப் போட வேண்டும். அதன்பிறகு கிளாம்ப் மீட்டரை ப்ளோயர் ஒயரில் மாட்டி ஒவ்வொரு வேகத்திலும் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து, அந்தக் காருக்குரிய அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதிகம் இழுத்தால் மோட்டாரையும் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.